வீட்டு வரியும் பள்ளிக் கட்டடமும்

ஓர் ஊரில் வீடும் கடையும் உடையவர்கள் தத்தம் சொத்தின் மதிப்புக்கேற்பச் செலுத்தும் வரியில் ஒரு பங்கை அவ்வூர்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு விடவேண்டும் என்னும் கொள்கை, 1870ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டத்தால் இங்கிலாந்தில் நிலைபெற்று, அரை நூற்றாண்டு கழித்து 1920இல் சென்னை மாகாணத்தின் ஆரம்பக் கல்விச் சட்டத்தின் வழியே தமிழகத்து நகரசபைகளையும் வந்தடைந்தது. சென்னைவாசி செலுத்தும் சொத்து வரியில் பொது வரி, கல்வி வரி என்று இரு கூறுகள் இருப்பது அந்தப் பழைய ஏற்பாட்டின் தொடர்ச்சியேயாகும். அதே ஆங்கிலேயரின் ஆதிக்கம் நிலவியிருந்தும், அதே தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் குடியேறியிருந்தும், மலாயாவின் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இவ்வழக்கம் வேரூன்றவில்லை. அங்கே பள்ளிக் கட்டடங்கள் யாருடைய பொருளால் எழுந்தன என்று விசாரித்தால், இன்று தமிழ்ப்பள்ளிகளைச் சூழ்ந்திருக்கும் நிலப் பிரச்சினைகளின் மூலகாரணம் தெளிவாகும்.

1881இல் நெருப்பும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து கோலாலம்பூரின் பலகை வீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்தபின், சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பதவிக்கு வந்த பிராங்க் ஸ்வெட்டன்ஹாம் செங்கல்லாலும் ஓட்டாலும் நகரைத் திரும்பக் கட்டுமாறு வற்புறுத்தினார். அதற்கான செங்கற்சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கிள்ளான் பக்கம் செல்லும் ரயில் பாதை திறக்கப்பட்டதையடுத்து, யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்த ரயில்வே உத்தியோகஸ்தரும் தொழிலாளரும் அச்சுற்றுவட்டத்தில் குடியேறினர். 1890இல் நகருக்கு ஒரு சுகாதார வாரியம் ஏற்பட்டது. கல்வீடுகள் பெருகப் பெருக மதிப்பீட்டு வரியும் பெருகியது. ஆனால் அந்தப் பணம் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் சந்தைக்கும் குப்பை அகற்றுவதற்கும் சென்றதேயன்றி, பள்ளிக்கூடம் கட்டுவது வாரியத்தின் கடமை என்று எவரும் கருதவில்லை.

ஆகவே பள்ளிக்குப் பொருள் வேறு கைகளிலிருந்து வரவேண்டியதாயிற்று. முதலாவது கை, நகரத்துத் தனவந்தர்களுடையது. விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்கென்று திரட்டிய நிதியில் எஞ்சியதை மூலதனமாகக் கொண்டு 1893இல் அஸ்திவாரமிட்டு, அடுத்த ஆண்டு திறக்கப்பட்ட விக்டோரியா இன்ஸ்டிடியூஷனுக்கு, சுல்தான் அப்துல் சமாதும் யாப் குவான் செங்கும் லோக் யூவும் நம்மவரான தம்புசாமிப் பிள்ளையும் வாரி வழங்கினர். ஜாதி மத பேதமின்றி எல்லோரும் கூடிச் செய்த அத்தருமம் போற்றத்தக்கதே. எனினும் அது ஆங்கிலக் கல்விக்காகச் செய்யப்பட்டது. தமிழ்ப் பிள்ளைகளின் தாய்மொழிக் கல்விக்கு அத்தகைய பெருங்கொடை எளிதில் கிட்டவில்லை.

இரண்டாவது கை, சமய, சமூக ஸ்தாபனங்களுடையது. இலங்கைத் தமிழர்கள் 1904இல் பிரிக்பீல்ட்ஸில் தோற்றுவித்த விவேகானந்த ஆசிரமம், ஆன்மிகப் பணியோடு நில்லாமல் வித்தியாதானத்தையும் மேற்கொண்டு, அப்பெயர் தாங்கிய பள்ளிகளை வளர்த்தது. மாதச் சம்பளக்காரரான குமாஸ்தாக்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் தம் வருவாயில் மிச்சம் பிடித்து அளித்த சந்தாவே இத்தகைய முயற்சிகளுக்கு ஆதாரம். தம்முடைய வீட்டுக்கு வரி ஒரு பக்கம், பிள்ளையின் பள்ளிக்கு நன்கொடை மறுபக்கம் என்று இருமுறை கொடுத்தவர்கள் அவர்கள்.

மூன்றாவது கை, ரப்பர்த் தோட்ட முதலாளியுடையது. அது மனமுவந்து நீண்ட கையன்று. ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரே இனத்தைச் சேர்ந்த, ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் ஒரு தோட்டத்தில் இருப்பார்களாயின் அங்கே பள்ளி நடத்துமாறு தோட்ட நிர்வாகத்தைப் பணிக்க அதிகாரம் அளித்தது. சட்டம் பள்ளியைக் கேட்டதேயன்றிப் பள்ளியின் தரத்தைக் கேட்கவில்லை. லயத்தின் ஓர் ஓரத்திலோ, கோயிலை ஒட்டிய கொட்டகையிலோ, கிராணியோ கங்காணியோ எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் நிலையில் எத்தனையோ பள்ளிகள் காலந்தள்ளின. கட்டடமும் தோட்டத்துடையது, அது நின்ற மண்ணும் தோட்டத்துடையது என்பதே இவ்வேற்பாட்டின் பெருங்குறை. அந்தக் குறை அன்று புலப்படாமல், தோட்டம் கைமாறிய பின்னரே புலப்பட்டது.

உள்ளூர்க் கல்வி அதிகாரங்களை ஏற்படுத்தி உள்ளூர் வரியின் துணையோடு பள்ளிகளை நடத்தலாம் என்ற யோசனை 1950களின் கல்வித் திட்டங்களில் இடம்பெற்றதுண்டு. ஆயினும் 1957ஆம் ஆண்டின் மலாயா அரசியல் சாசனம் கல்வியை மத்திய அரசின் பட்டியலில் வைத்தது. உள்ளாட்சியோ மாநிலத்தின் பொறுப்பாயிற்று. 1952இல் முதல் நகரசபைத் தேர்தலைக் கண்ட கோலாலம்பூர், 1960ஆம் ஆண்டின் தலைநகரச் சட்டத்தால் நியமன ஆணையரின் கைக்குப் போயிற்று. 1965இல் மற்ற ஊர்களின் உள்ளாட்சித் தேர்தல்களும் நிறுத்தப்பட்டன. வரி செலுத்துவோர் தம் பிரதிநிதியைக் கேள்வி கேட்கும் வழி அடைபட்டபின், அவ்வரியில் பள்ளிக்குப் பங்கு கேட்பார் இலராயினர். 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பில் 35 சதவிகிதம் வரை வரி விதிக்க இடமளிக்கிறது. பொதுப் பள்ளிகளுக்கு அவ்வரியிலிருந்து விலக்களிக்கவும் வழிசெய்கிறது. விலக்கு உண்டு, பங்கு இல்லை என்பதே அச்சட்டத்துக்கும் பள்ளிக்கும் உள்ள சம்பந்தம்.

இதற்கிடையில் ரப்பர் மரங்கள் சாய்ந்து நகரங்கள் முளைத்தன. எஃபிங்கம் தோட்டம் பண்டார் உத்தாமாவாகவும், சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா வட்டாரத்துக் குடியிருப்புகளாகவும் மாறின. தோட்டத்தின் பெயரை மட்டும் அங்குள்ள தமிழ்ப்பள்ளிகள் சுமந்து நிற்கின்றன. பாட்டன் பால் வெட்டிய மண்ணில் இன்று மாடிவீடுகளும் பேரங்காடிகளும் செலுத்தும் மதிப்பீட்டு வரி நகராண்மைக் கழகத்துக்குச் செல்ல, அதே மண்ணில் நிற்கும் பள்ளியின் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கட்டட நிதிக்காக விருந்து நடத்தி அன்பளிப்புச் சீட்டு விற்கின்றன. அரசாங்க நிலத்தில் இருப்பது முழு உதவி பெறும் பள்ளி, பிறர் நிலத்தில் இருப்பது பகுதி உதவி பெறும் பள்ளி என்ற பாகுபாடும் அந்தப் பழைய மூன்று கைகளின் சந்ததியே. 2008க்குப் பின் சிலாங்கூர் மாநில அரசு ஆண்டுதோறும் தமிழ்ப்பள்ளிகளுக்கு நிதி ஒதுக்கி வருவது ஆறுதல் தரும் செய்தி. ஆனால் ஒதுக்கீடு என்பது கொடுப்பவரின் விருப்பத்தைச் சார்ந்தது, வரிப்பங்கு என்பது பெறுபவரின் பாத்தியதை.

பொதுவரியால் எழும் கட்டடம் பொதுவுக்கு உரியது. தானத்தால் எழுவது தருமஸ்தாபனத்துக்கு உரியது. கட்டாயத்தால் எழுந்ததோ முதலாளியின் உடைமையாகவே நின்றுவிட்டது. நம் முன்னோர் கொடுத்ததில் குறைவில்லை. கொடுத்த பொருள் சாசனமாக மாறாததுதான் குறை. ஆதலால் பள்ளி வாரியங்களில் பொறுப்பேற்றிருப்போர், புதிய மாடி எழுப்ப நிதி திரட்டுமுன், அது எழப்போகும் நிலத்தின் பட்டாவைப் பள்ளியின் பெயரில் பெற முயல்வார்களாக.