ரப்பர் பலூனில் ஏறிய எக்ஸ் கதிர்க் கருவி

விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைக் காற்றுமண்டலம் விழுங்கிவிடுவதால், கருவிதான் மேலே போக வேண்டும். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1968-இல் ஐதராபாத்திலிருந்து பலூன் பறக்கவிட்டு ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 என்ற விண்வெளி எக்ஸ் கதிர் மூலத்தை ஆராய்ந்தது. பின்னாளில் அங்கே நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள கருவிகளும் ஏறின.

கொல்கத்தாவின் இந்திய விண்வெளி இயற்பியல் மையம், சந்தீப் சக்ரவர்த்தி தலைமையில், நேர் எதிர்வழியில் போனது. வானிலை ஆய்வுக்கான ரப்பர் பலூன். அதில் சில கிலோ எடையுள்ள பெட்டி. உள்ளே எக்ஸ் கதிர்களை உணரும் சோடியம் அயோடைடு படிகம், ஜிபிஎஸ், பேட்டரி, நினைவக அட்டை. சுமார் 40 கி.மீ. உயரத்தில் ரப்பர் வெடிக்கும். பெட்டி பாராசூட்டில் எங்கோ வயலில் இறங்கும், தேடி எடுக்க வேண்டியதுதான். குறிபார்க்கும் பொறி கிடையாது; பெட்டி தன்பாட்டுக்குச் சுழலும். எப்போது எத்திசையை நோக்கியது என்பதைப் பிறகு கணக்கிட வேண்டும். பார்வைக்கு எளிய ஏற்பாடுதான், உழைப்பெல்லாம் இந்தக் கணக்கில். இப்படியே நண்டு நெபுலாவின் கதிர்வீச்சும் சூரியச் சுடர்களும் பதிவாயின.