தீட்டாத வெண்பனி

பனி மூடிய மலையை ஓவியன் எவ்வாறு தீட்டுவான்? வெள்ளை வண்ணத்தை எடுத்துப் பூசுவான் என்றே நாம் எண்ணுவோம். சீனத்திலும் சிப்பிப் பொடியாலும் ஈய வெள்ளையாலும் பனியைக் காட்டியவர் உண்டு. ஆயினும் அந்நாட்டுப் பேரோவியர் சிலர் கைக்கொண்ட வழி வேறு. அவர்கள் பனியைத் தீட்டவே இல்லை.

சுங் பேரரசின் தொடக்கக் காலத்தில், அதாவது 1000-ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்தவர் ஃபான் குவான். குவான் என்பது அவருடைய பெருந்தன்மையைக் கண்டு பிறர் இட்ட பட்டப்பெயர். முதலில் லி செங் என்பாரின் ஓவியங்களைப் பார்த்துப் பயின்ற அவர், மனிதரினும் இயற்கையே சிறந்த ஆசான் எனத் தெளிந்து, ஷென்சிப் பகுதியின் மலைகளிலே சென்று தங்கினார். நாள் முழுதும் ஓரிடத்தில் அமர்ந்து நோக்குவாராம். பனி படர்ந்த நிலவிரவிலும் உலாவி உற்று நோக்குவாராம். சுங் காலத்து நூல்கள் இதனைக் கூறுகின்றன.

‘பனிக்காட்சியும் குளிர்காலச் சோலையும்’ என்னும் ஓவியம் அவருடையது என வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தியன்சின் அருங்காட்சியகத்தில் உள்ள அதனை நான் அச்சுப்படியில்தான் கண்டிருக்கிறேன். பட்டின்மீது மையால் தீட்டியது. உயரம் ஏறத்தாழ 193 செ.மீ. வானிலும் நீரிலும் நீர் கலந்த மை படர்ந்திருக்கிறது. பாறைப் பிளவுகளில் தூரிகை அழுந்தியிருக்கிறது. முகடுகளை மட்டும் மை தொடவில்லை. தொடாது விட்ட பட்டே பனி! அந்தப் பட்டோ இன்று பழுப்பேறிக் கிடக்கிறது. எனினும் நம் கண் அதனை வெண்மை என்றே கொள்கிறது. அருகிலுள்ள கருமை செய்யும் மாயம் அது.

மாணவர்களே, இனி வரலாற்றறிஞர் எழுப்பும் ஐயத்தைக் கேளுங்கள். இவ்வோவியத்து மரமொன்றில், ‘அடியேன் ஃபான் குவான் செய்தது’ என்ற பொருளில் எழுத்துகள் உள்ளன. ‘அடியேன்’ என்பது அரசனுக்கு எழுதுவோர் வழக்கு. அரசவையைச் சேராதவர் அவ்வாறு எழுதுவாரா? எழுதினாலும் பட்டப்பெயரை இடுவாரா? தைப்பேயிலுள்ள ‘மலையருவிகளிடையே வழிப்போக்கர்’ என்னும் அவருடைய ஓவியத்தில், இலைகளுக்கிடையே மறைந்திருந்த கையெழுத்து 1958-இல்தான் கண்டறியப்பட்டது. அதில் பெயர் மட்டுமே உண்டு. ஆகவே பனி ஓவியத்தைப் பற்றிய ஐயம் புறக்கணிக்கத்தக்கதன்று என்பதே என் கருத்து. அதனைத் தீட்டியவர் அவர் வழிவந்த வேறொருவராகவும் இருக்கலாம். எவராயினும், எந்த இடத்தில் தூரிகையை நிறுத்தவேண்டும் என்பதை அறிந்தவர் அவர்.