விண்ணில் விட்டுவந்தவை

உப்பளத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, அந்த இடத்தின் காலத்தைக் காட்டிக்கொடுத்தவை இத்தாலியச் சிவப்பு மட்கலங்களின் உடைந்த துண்டுகள். மதுச்சாடிகளின் சில்லுகளும் கிடைத்தன. பயனற்றவை என்று எவரோ எறிந்தவைதாம் இன்று யவன வணிகத்தின் சான்றுகள். அக்குப்பையை மண் மூடிக்கொண்டது. அது எவரையும் காயப்படுத்தவில்லை.

வானத்துக்கு அந்தக் குணம் இல்லை. 1958-இல் அமெரிக்கா ஏவிய வான்கார்டு-1, 1964-இலேயே ஊமையாகிவிட்டது. ஆனால் இன்னும் பூமியைச் சுற்றிவருகிறது. 2007-இல் சீனா தன் செயற்கைக்கோள் ஒன்றை ஏவுகணையால் தகர்த்ததில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் சிதறின. 2019-இல் இந்தியாவும் அத்தகைய சோதனையைச் செய்தது. தாழ்ந்த உயரத்தில் நிகழ்ந்ததால் அதன் சிதறல்களில் பெரும்பாலானவை விரைவிலேயே விழுந்து எரிந்துபோயின. ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் இன்று பத்து இலட்சத்தைத் தாண்டும் என்பது ஐரோப்பிய விண்வெளி முகமையின் கணிப்பு. நொடிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் வரும் சிறு திருகாணியும் ஒரு விண்கலத்தைத் துளைத்துவிடும்.

மனிதன் அங்கே சிற்பத்தையும் கொண்டுபோயிருக்கிறான். 1971 ஆகஸ்டில் அப்பல்லோ-15 வீரர்கள், பெல்ஜியச் சிற்பி பால் வான் ஹூய்டோங்க் செய்த எட்டரை சென்டிமீட்டர் அலுமினிய உருவத்தை நிலவின் தரையில் கிடத்தினர். மறைந்த 14 அமெரிக்க, சோவியத் விண்வெளி வீரர்களின் பெயர் பொறித்த தகட்டை அருகில் வைத்தனர். 'வீழ்ந்த விண்வெளி வீரன்' என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். சிற்பியோ அதை ஏற்கவில்லை. தாம் செய்தது இறந்தவனை அல்ல, மனித குலத்தை. அது நிமிர்ந்து நிற்கவேண்டிய உருவம் என்றார்.

2018 டிசம்பரில் ட்ரெவர் பாக்லென் என்ற அமெரிக்கக் கலைஞரின் படைப்பு விண்ணுக்குச் சென்றது. சுற்றுப்பாதையில் முப்பது மீட்டர் நீளப் பலூனாக விரிந்து, ஒளியைப் பிரதிபலித்து, சில மாதங்களில் எரிந்துபோகவேண்டிய சிற்பம் அது. வானியலாளர் பலர் வெகுண்டனர். இராணுவக் கோள்களைப் பொறுத்துக்கொள்பவர்கள் ஒரு கலைப்பொருளை மட்டும் எதிர்ப்பானேன் என்று அவர் கேட்டார். அரசு அலுவலகங்கள் மூடிக்கிடந்ததால் பலூனை விரிப்பதற்கான அனுமதி தாமதமாயிற்று. 2019-இல் தொடர்பும் அறுந்தது. விரியாத சிற்பம் இன்னொரு குப்பையாயிற்று.

2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஒதுங்கிய பெரும் உருளை, இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டினுடையது என உறுதியாயிற்று. நம் சோழமண்டலக் கரையில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் ராக்கெட் அது. அரிக்கமேட்டில் சாடியை உடைத்தவன் நம்மை அறியான். பின்னால் வருகிறவர்கள் உண்டு என்று தெரிந்தே நாம் எறிகிறோம்.