இந்தியாவில் பருவகால ஃப்ளூ கண்காணிப்பு

இன்ஃபுளுவென்சா வைரஸ் எந்த வட்டாரத்தில், எந்த வாரத்தில், எந்த வகையாகப் பரவுகிறது என்று இடைவிடாமல் கவனித்து, அதைக் கொண்டு தடுப்பூசிக்கான காலம், மருந்துக் கையிருப்பு, மருத்துவமனை ஏற்பாடுகள் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் பணி ஃப்ளூ கண்காணிப்பு எனப்படும். இந்தியாவில் இதை வட்டாரவாரியாகத்தான் செய்தாக வேண்டும். நாடு முழுமைக்கும் பொதுவான ஒரே ஃப்ளூ பருவம் இங்கே கிடையாது.

ஸ்ரீநகரில் ஃப்ளூ குளிர்கால நோய். ஜனவரி முதல் மார்ச் வரை உச்சத்தில் இருக்கும். டெல்லி, லக்னோ, நாக்பூர், புணே போன்ற ஊர்களில் தென்மேற்குப் பருவமழையோடு வருகிறது. கேரளத்தின் ஆலப்புழையிலும் அப்படியே. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இப்பால் கதை வேறு. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அக்டோபர், நவம்பரில்தான் தொற்று கூடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கண்காணிப்பு மையங்கள் 2009 முதல் 2013 வரை திரட்டிய மாதிரிகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டின. இவற்றையெல்லாம் கூட்டிப் போட்டு ‘அகில இந்திய நிலவரம்’ என்று ஒரு வரைபடம் வரைந்தால், அது எந்த ஊருக்கும் பொருந்தாது.

இதன் முதல் பயன் தடுப்பூசியில் தெரிகிறது. ஊசி போட்ட பின் எதிர்ப்புச் சக்தி உருவாகச் சுமார் இரண்டு வாரம் ஆகும். சில மாதங்களில் அது குறையத் தொடங்கும். எனவே உச்சத்துக்குச் சற்று முன்னதாகப் போட்டுக்கொள்வதே நல்லது. உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசியில் சேர வேண்டிய வைரஸ் வகைகளை ஆண்டுக்கு இருமுறை பரிந்துரைக்கிறது: வடகோளக் குளிர்காலத்துக்குப் பிப்ரவரியில், தென்கோளக் குளிர்காலத்துக்குச் செப்டம்பரில். இந்தியா வடகோளத்தில் இருந்தாலும், மழைக்காலத்தில் ஃப்ளூ வரும் பகுதிகளுக்கு ஏப்ரல், மே மாதங்களில் ஊசி தேவை. அப்போது புதிதாகக் கிடைப்பது தென்கோளத்துக்கென்று தயாரானது. ஸ்ரீநகருக்கோ செப்டம்பர், அக்டோபரே ஏற்ற காலம். ஒரே தேதியை நாடெங்கும் அறிவிப்பது, சில மாநிலங்களில் முதியோரையும் கர்ப்பிணிகளையும் நோய் கடந்துபோன பிறகு ஊசிக்கு அழைப்பதாக முடியும்.

கண்காணிப்பு தொடங்குவது புறநோயாளிப் பிரிவில். 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், இருமல், தொடங்கிப் பத்து நாளுக்குள் என்றால் அது ‘ஃப்ளூ போன்ற நோய்’. அதே அறிகுறிகளோடு மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை வந்தால் ‘தீவிர மூச்சுத்தொற்று’. இவர்களில் சிலரிடம் செவிலியர் அல்லது ஆய்வக நுட்பநர் மூக்கின் உட்புறத்திலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கிறார். குச்சியின் முனை வைரஸைக் காக்கும் திரவம் உள்ள சிறு குழாயில் இறங்குகிறது. மீதிக் குச்சி உடைத்து எறியப்படுகிறது. வயது, பாலினம், நோய் தொடங்கிய நாள் எழுதிய சீட்டோடு குழாய் ஐஸ் பெட்டிக்குப் போகிறது. நோய் தொடங்கிய நாளை விட்டுவிட்டால் அந்த மாதிரியின் மதிப்பு பாதியாகக் குறைந்துவிடும்; எந்த வாரக் கணக்கில் அதைச் சேர்ப்பது என்றே தெரியாமல் போகும். பிறகு ஆர்டி-பிசிஆர் சோதனை ஏ, பி வகைகளையும், ஏ வகையில் எச்1என்1, எச்3என்2 ஆகியவற்றையும் பிரித்துச் சொல்கிறது.

வாரந்தோறும் கவனிக்க வேண்டிய எண் தொற்றாளர் எண்ணிக்கை அல்ல; சோதித்த மாதிரிகளில் எத்தனை சதவீதத்தில் வைரஸ் இருந்தது என்பதே. செய்தித்தாள்கள் பெரும்பாலும் முதலாவதையே தலைப்பாக்குகின்றன. பரபரப்பு எழுந்தால் சோதனைகள் கூடும், சோதனைகள் கூடினால் எண்ணிக்கையும் கூடும். சதவீதம் அந்த மயக்கத்தைப் பெருமளவு நீக்குகிறது.

இந்தப் பணிக்கு நீண்ட வரலாறு உண்டு. நீலகிரியின் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையத்தில் இன்ஃபுளுவென்சா மையம் இயங்கியது. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் வழியே ஆசிய ஃப்ளூ சென்னைத் துறைமுகத்தில் நுழைந்து, சில மாதங்களில் நாடெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குள் 44 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவானது. இன்று புணேயின் தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் இந்தியாவின் தலைமை ஆய்வகம். உலக சுகாதார நிறுவனம் 1952இல் தொடங்கிய உலகளாவிய ஃப்ளூ கண்காணிப்பு வலையமைப்பில் அதற்கு இடம் உண்டு. கிண்டியில் 1899இல் தொடங்கப்பட்ட கிங் நிலையமும் மாதிரிகளைச் சோதிக்கிறது. நோய்த் தகவல்களை மாவட்டம்தோறும் திரட்ட 2004இல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் வந்தது.

தரவுகள் கைக்கு வந்ததும் நடவடிக்கைகள் பிரிகின்றன. மத்திய அரசின் வழிகாட்டுதல் நோயாளிகளை ஏ, பி, சி என மூன்றாக வகுக்கிறது. லேசான காய்ச்சலுக்குச் சோதனையும் ஓசெல்டமிவிர் மாத்திரையும் வேண்டியதில்லை. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருந்தால் உடனே அனுமதி, சோதனை, சிகிச்சை. எந்த மாவட்டத்தில் சதவீதம் ஏறுகிறதோ அங்கே மாத்திரையும் படுக்கையும் முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். 2023 மார்ச்சில் எச்3என்2 பரவியபோது தமிழ்நாட்டில் காய்ச்சல் முகாம்கள் நடத்தப்பட்டன. வழக்கமான அக்டோபர் உச்சத்துக்கு வெகுதொலைவில் அது வந்ததைக் கவனிக்க வேண்டும். 2015இன் தொடக்க மாதங்களிலும் ராஜஸ்தானையும் குஜராத்தையும் எச்1என்1 கடுமையாகத் தாக்கியது. பழைய நாள்காட்டியை மட்டும் நம்பி ஆண்டில் சில மாதங்களுக்கு மாதிரி எடுப்பதை நிறுத்தும் மையம், இத்தகைய பரவலைத் தாமதமாகவே அறியும்.

பெரிய குறை ஒன்று இன்னும் இருக்கிறது. காய்ச்சல் கண்டவர்களில் பலர் முதலில் போவது தெருமுனை மருந்துக்கடைக்கு, அடுத்து தனியார் கிளினிக்குக்கு. அங்கே மாதிரி எடுப்பது அரிது. மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர்களின் நிலவரம் நன்கு தெரிகிறது. மலைக் கிராமங்களின் நிலவரம் அநேகமாகத் தெரிவதில்லை. 2021இல் நடைமுறைக்கு வந்த இணையவழிச் சுகாதாரத் தகவல் தளத்தில் துணை சுகாதார நிலையத்திலிருந்தே நோய் அறிகுறிகளைப் பதிவுசெய்ய முடியும். ஆனால் அறிகுறியை மட்டும் வைத்து ஃப்ளூவையும் பிற வைரஸ் காய்ச்சல்களையும் பிரிக்க இயலாது. அதற்கு அந்தக் கிராமத்திலிருந்தும் ஐஸ் பெட்டி ஆய்வகத்துக்குப் புறப்பட வேண்டும்.