பழைய கார் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது பதிவுச் சான்று

குறைந்த செலவில் பழைய சிறிய கார் வாங்க விரும்புவோருக்கு மாருதி ஆல்டோ, வேகன் ஆர், ஹூண்டாய் ஐ10 போன்றவை ஏற்றவை. இவற்றின் உதிரி பாகங்கள் சிறு நகரங்களிலும் எளிதில் கிடைக்கின்றன.

எனினும், ஓட்டிப் பார்ப்பதற்கு முன் பதிவுச் சான்றைப் படிப்பது அவசியம். சொந்தப் பயன்பாட்டு காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் தகுதிச் சோதனைக்குப் பிறகே புதுப்பிக்க முடியும். 13 ஆண்டு பழைய கார் மலிவாகக் கிடைப்பதில் வியப்பில்லை. சான்றில் வங்கியின் பெயர் நீடித்தால், படிவம் 35-உம் வங்கியின் தடையின்மைச் சான்றும் கிடைக்கும்வரை முழுத் தொகையையும் அளிக்கக் கூடாது.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் இயக்கச் சொல்ல வேண்டும். இருக்கைப் பட்டையை முழுவதுமாக இழுத்துப் பார்த்தால், வெள்ளத்தில் மூழ்கிய காரின் சேற்றுக் கறை சில நேரங்களில் தென்படும்.

ஒரே மாநிலத்துக்குள் நடைபெறும் விற்பனையை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். விபத்து இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளதால், பெயர் மாற்றத்தில் விற்பவருக்கே அக்கறை அதிகம் இருக்க வேண்டும். காப்பீட்டையும் தம் பெயருக்கு மாற்றாதவர், சொந்த காரின் சேதத்துக்கு இழப்பீடு பெறுவது கடினம்.