வான்கோழியும் வாத்துச் சீட்டும்

பண்டிகை நெருங்கும்பொழுது எளிய குடும்பங்களில் எழும் கேள்வி எந்த நாட்டிலும் ஒன்றுதான். நல்ல சரக்கு, நம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்குமா? தில்லியிலோ கொல்கத்தாவிலோ குடியிருந்து, பொங்கலுக்கு மஞ்சள் கொத்தும் கரும்பும் தேடி அலையும் நமக்கு இக்கேள்வி புதியதன்று. இங்கிலாந்து மக்கள் கிறிஸ்துமஸ் விருந்துக்குரிய வான்கோழியைப் பற்றி இதே கேள்வியை நெடுங்காலமாகக் கேட்டு வந்திருக்கின்றனர். செல்வர் வீட்டு உணவாக இருந்த அப்பறவை எளியவர் வீட்டுக்கு வந்த வரலாற்றை இங்கே காண்போம்.

மூதுரையில் மயிலைக் கண்டு ஆட முயன்ற வான்கோழியை நாம் இளமையிலேயே படித்திருக்கிறோம். இன்று நாம் அப்பெயரால் அழைக்கும் பறவையோ மெக்சிகோவில் முதன்முதலாக வளர்க்கப்பட்டது. ஸ்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அது இங்கிலாந்தை அடைந்துவிட்டது. வந்த வழி தெரியாத விருந்தாளிக்கு ஆளுக்கொரு பெயர் சூட்டினார்கள். ஆங்கிலேயர் அதனைத் துருக்கி நாட்டின் பெயரால் அழைத்தனர். துருக்கியரோ ‘ஹிந்தி’ என்றனர். பிரெஞ்சுக்காரர் ‘இந்தியாவினது’ என்ற பொருளில் பெயரிட்டனர். டச்சுக்காரர் வழங்கும் பெயர் நம் கோழிக்கோட்டிலிருந்து பிறந்தது. போர்த்துகீசியர் ‘பெரு’ என்றனர். இவற்றுள் ஒன்றேனும் அதன் பிறந்தகத்தைக் குறிக்கவில்லை.

இந்தியாவுக்கு அது வந்த செய்தி ஜஹாங்கீர் சக்கரவர்த்தியின் நினைவுக் குறிப்புகளில் இருக்கிறது. 1612இல் முகர்ரப் கான் கோவாவிலிருந்து கொண்டு வந்த அரிய பொருள்களுள் இப்பறவையும் ஒன்று. அதன் தலையும் கழுத்தும் கணத்துக்கு ஒரு நிறமாக மாறுவதையும், அலகின்மேல் தொங்கும் சதை யானையின் துதிக்கையை ஒத்திருப்பதையும் மன்னர் வியந்து எழுதினார். உஸ்தாத் மன்சூர் தீட்டிய வான்கோழி ஓவியம் இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. இங்கே அரசவைக் காட்சிப் பொருளாக நின்ற பறவை, அங்கே ஏற்கெனவே சந்தைச் சரக்காகிக் கொண்டிருந்தது.

இங்கிலாந்தின் கிழக்கே உள்ள நார்போக், சபோக் மாவட்டங்களே அதன் வளர்ப்பு நிலங்கள். ரயிலும் குளிரறையும் இல்லாத அந்நாளில் லண்டன் சந்தைக்கு இறைச்சி புதிதாகச் சேர வேண்டுமானால், பறவையே நடந்து செல்ல வேண்டும். ஒரே பருவத்தில் 300 மந்தைகள், ஏறத்தாழ 1,50,000 வான்கோழிகள், ஸ்டூர் ஆற்றுப் பாலத்தைக் கடந்ததாக டானியல் டீபோ 1724இல் எழுதினார். இவ்வளவு வந்தும் விலை ஏழைக்கு எட்டவில்லை. பணம் கொடுத்தவரும் ஏமாறக்கூடும் அல்லவா? ஆகவே 1747இல் வெளிவந்த ஹன்னா கிளாஸ் அம்மையாரின் சமையல் நூல் வாங்குவோருக்கு அடையாளம் கற்பித்தது. இளம் சேவலுக்குக் கால் கறுத்து வழவழப்பாக இருக்கும், குதிமுள் குட்டையாக இருக்கும். கண் குழிந்து பாதம் உலர்ந்திருந்தால் அது பழைய சரக்கு. நம் வீட்டுப் பெரியவர்கள் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதும் இதே கலைதான்.

19ஆம் நூற்றாண்டில் லண்டன் தொழிலாளருக்குக் கிறிஸ்துமஸ் என்றால் பெருவாத்து. அதற்கும் அவர்கள் சீட்டுக் கட்டினார்கள். வாரந்தோறும் சில காசுகளை, பெரும்பாலும் மதுக்கடைக்காரர் நடத்திய வாத்துச் சங்கத்தில் செலுத்தி, பண்டிகைக்கு ஒரு வாத்தைப் பெற்றார்கள். நம் தீபாவளிச் சீட்டுக்கு இது உடன்பிறப்பு. நடத்துபவர் நாணயமற்றவரானால் வாத்தும் போகும், காசும் போகும் என்ற அபாயமும் இரண்டுக்கும் பொதுவே. 1892இல் கோனன் டாயில் எழுதிய ஷெர்லக் ஹோம்ஸ் கதையொன்று இத்தகைய சங்கத்து வாத்திலிருந்தே தொடங்குகிறது. வாத்து கிடைத்தாலும் அதை வேகவைக்கப் பெரிய அடுப்பு ஏழை வீட்டில் ஏது? ரொட்டிக் கடைக்காரரின் சூளையில் கொடுத்து வாங்கினார்கள். 1843இல் டிக்கன்ஸ் எழுதிய ‘கிறிஸ்துமஸ் கேரல்’ கதையில் ஏழைக் குமாஸ்தாவின் குடும்பம் உண்பதும் அப்படி வெந்த வாத்துதான். மனம் திருந்திய முதலாளி அவ்வீட்டுக்கு அனுப்புவதோ கடையில் தொங்கிய மிகப் பெரிய வான்கோழி. இரு பறவைகளுக்கும் இடையே இருந்த தூரத்தை அக்காலத்து வாசகர் நன்கு அறிவர்.

அத்தூரம் குறைந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே. மார்புச் சதை மிகுந்த இனங்களும், ஆயிரக்கணக்கில் கொட்டிலில் வளர்க்கும் முறையும், உறையவைத்துச் சேமிக்கும் வசதியும் விலையை இறக்கின. நார்போக்கைச் சேர்ந்த பெர்னார்ட் மாத்யூஸ் 1950இல் 20 முட்டைகளும் ஒரு பழைய அடைகாப்புக் கருவியும் வாங்கித் தொழிலைத் தொடங்கினார். பின்னர் வாங்கிய பழைய மாளிகையின் படுக்கையறைகளில்கூட அவர் வான்கோழிக் குஞ்சுகளை வளர்த்தார். 1954இல் பிரிட்டனில் உணவுப் பங்கீடும் முடிவுற்றது. வான்கோழி தொழிலாளர் வீட்டு மேசைக்கு வந்தது.

மலிவுக்கும் ஒரு விலை உண்டு. மார்பு பெருத்த அவ்வினச் சேவல்கள் இயற்கையாக இணைசேரவும் இயலாதனவாயின. விரைவில் கொழுத்த இறைச்சியில் பழைய சுவை இல்லை என்று குறைப்பட்டவர்களும் உண்டு. மெல்ல வளரும் நார்போக் கறுப்பு இனத்தை இன்றும் சிலர் காத்து வளர்க்கின்றனர். அதன் விலையோ மீண்டும் உயரத்தில் நிற்கிறது. எனவே நல்லதும் மலிவும் ஒருங்கே கிடைக்குமா என்ற கேள்வி முழுதும் தீர்ந்துவிடவில்லை.

ஆயினும் நாம் மறக்கக்கூடாத ஒன்றுண்டு. அறிவியல் வந்து விலையை இறக்கும்வரை அம்மக்கள் பண்டிகையை ஒத்திவைக்கவில்லை. எட்டாத பறவைக்கு ஏங்கி நிற்காமல், எட்டும் பறவைக்குக் காசு சேர்த்தார்கள். அடுப்பு இல்லாதவர் அடுத்தவர் அடுப்பில் வேகவைத்தார்கள். ஊர்விட்டு ஊர் வந்து, கிடைத்ததைக் கொண்டு பண்டிகை கொண்டாடும் நமக்கு அவர்கள் அயலார் அல்லர்.