புகழும் பட்டறிவும்: நடுநாட்டுப் படைப்பணி நினைவுகள் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

படைப்பணியைப் போற்றும் சான்றுகள் தமிழில் மிகுதி. படைப்பணி செய்தவர் தம் பட்டறிவைத் தாமே உரைத்த சான்றுகள் அரிது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் களமருதூரைச் சூழ்ந்துள்ள நடுநாட்டையும் அதனை அடுத்துள்ள பகுதிகளையும் களமாகக் கொண்டு, சங்கப் பாடல், நடுகல், சோழர் காலக் கல்வெட்டு, ஆங்கிலேயர் காலப் பதிவுகள் ஆகியவற்றில் இவ்விரு நிலைகளும் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. புகழுரைகளின் இடைவெளிகளில் வீரனின் குரல் அரிதாகவேனும் ஒலிக்கிறது என்பதும், அக்குரலைத் தேடுவதற்கு இன்று எஞ்சியுள்ள காலம் குறுகியது என்பதும் இதன் கருத்துகளாகும்.

திறவுச் சொற்கள்: நடுநாடு, மலையமான், நடுகல், இராசாதித்தன், தக்கோலப் போர், சதுரானன பண்டிதர், சென்னைப் படை, வாய்மொழி வரலாறு.

முன்னுரை

தென்பெண்ணையும் கெடிலமும் பாயும் நிலப்பகுதி நடுநாடு எனப்படுகிறது. இதன் ஒரு பகுதி தேவார காலத்தில் திருமுனைப்பாடி நாடு என வழங்கிற்று. ‘முனை’ என்பது போர்முனையையும் ‘பாடி’ என்பது படைவீட்டையும் குறிக்கும் சொற்களாகும். களமருதூர் என்னும் ஊர்ப்பெயரின் முன்னொட்டான ‘களம்’ என்பதும் நெற்களம், போர்க்களம் என இருபொருள் தரும். இவ்வூர்ப்பெயர் போரினால் வந்தது எனத் துணிவதற்கு இச்சொற்பொருள் மட்டும் போதாது. உழவுக்களம் என்பதே இயல்பான விளக்கமாகலாம். எனினும், உழவனே வீரனாகவும் வீரனே மீண்டும் உழவனாகவும் மாறிய நிலப்பகுதி இது என்பதற்கு வேறு சான்றுகள் உள. அச்சான்றுகளை அணுகும்போது ஒரு வினா எழுகிறது: இவை வீரனைப் பற்றிப் பிறர் கூறியனவா, வீரன் தானே கூறியனவா?

மலையமான்: இரு தரப்பின் சான்று

இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள திருக்கோவலூர், மலையமான் குடியினரின் தலைநகர். இக்குடியின் படைப்பணி தனித்தன்மை உடையது. மூவேந்தருள் ஒருவர்க்குத் துணையாகச் சென்று வெற்றி ஈட்டித் தருதல் இவர்தம் வழக்கம். மலையமான் திருமுடிக்காரி, ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்கு அளித்த செய்தியை அகநானூறு குறிக்கிறது. காரியைக் கபிலர் பாடிய புறநானூற்று 122ஆம் பாடல், துணைவேண்டும் வேந்தர் அனுப்பும் பொருள் முழுவதும் பரிசிலர்க்கே சென்றுவிடுவதால் தனக்கென எதுவும் வைத்துக்கொள்ளாதவன் எனக் காரியைச் சித்திரிக்கிறது. படைப்பணிக்கு ஊதியம் உண்டு என்பதும், அவ்வூதியம் கொடையாக மாறும்போதே அப்பணி புகழுக்குரியதாகிறது என்பதும் இப்பாடலால் பெறப்படுகின்றன.

125ஆம் பாடல் இவ்வாய்வுக்கு மேலும் இன்றியமையாதது. சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறையும் சோழன் இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளியும் பொருதபோது சோழனுக்குத் துணைநின்ற தேர்வண் மலையனை வடம வண்ணக்கன் பெருஞ்சாத்தனார் பாடியது இது. வென்ற வேந்தன், வெற்றியைத் தந்தவன் இவனே என்கிறான். தோற்ற வேந்தனும், இவன் வாராதிருந்தால் வெல்லுதல் நமக்கு எளிதாக இருந்திருக்கும் என்கிறான். வென்றவனின் பாராட்டில் நன்றி கலந்திருக்கும். பரிசிலனின் பாராட்டில் எதிர்பார்ப்பு கலந்திருக்கும். தோற்றவனின் பாராட்டில் இவ்விரண்டிற்கும் இடமில்லை. ஆகவே புலவர் அதனைச் சான்றாக முன்வைக்கிறார். ஆயினும் இங்கும் பேசுவோர் வேந்தர் இருவரும் புலவருமே. மலையன் தன் போரைப் பற்றி ஒரு சொல்லும் உரைப்பதில்லை.

நடுகல்: பெயர் பெற்ற எளியோர்

கல்வராயன் மலைக்கு வடக்கே, தென்பெண்ணையை அடுத்த செங்கம், தண்டராம்பட்டுப் பகுதிகளில் பல்லவர் கால நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ இவற்றை ஆய்வுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தது. இக்கற்களின் வாசகம் பெரும்பாலும் ஓர் ஒழுங்கில் அமையும்: அரசனின் ஆட்சியாண்டு, அவனுக்குக் கீழ் நாடாண்ட தலைவன் பெயர், நிகழ்ந்த பூசல், இறந்தவன் பெயர், அவன் பட்ட செய்தி. பூசல்களுள் பல ஆநிரை கவர்தல், மீட்டல் ஆகியன பற்றியவை.

புறநானூற்றில் பெரும்பான்மையும் வேந்தரும் வேளிரும் பாடப்பெற, நடுகல்லில் அவர்க்குக் கீழ்ப் பணிசெய்த சேவகனும் பெயர் பெறுகிறான். முதலாம் மகேந்திரவர்மன் காலத்து எடத்தனூர்க் கல், கள்வருடன் போராடிய கோவிவன் என்னும் நாய்க்கும் நினைவிடம் தந்துள்ளது. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனக் கல் எடுக்கும் முறையை வகுப்பதும் இங்கு ஒப்பிடத்தக்கது. இவ்வாறு எளியோனும் போற்றப்படினும், போற்றப்படுதற்கு அவன் இறந்திருக்க வேண்டும். காயமுற்றுத் திரும்பியவனுக்கும், அஞ்சி நின்று பின்னர்த் துணிந்தவனுக்கும் இக்கல்மரபில் இடம் இல்லை.

இக்கற்களில் வீரனைக் குறித்த ‘சேவகன்’ என்னும் சொல், பிற்காலத்தில் ஏவல் செய்யும் பணியாளைக் குறிப்பதாயிற்று. படைப்பணியாளர் மீது சமூகம் வைத்த மதிப்பு எக்காலத்தும் ஒரே நிலையில் நின்றதன்று என்பதற்கு இச்சொல்லின் வரலாறே சான்று.

திருநாவலூர் முதல் திருவொற்றியூர் வரை

பத்தாம் நூற்றாண்டில் நடுநாடு ஒரு பெரும் படைமுகாமாக விளங்கிற்று. முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன், வடக்கிலிருந்து வரக்கூடிய இராட்டிரகூடர் தாக்குதலை எதிர்நோக்கித் திருநாவலூரில் தன் படையுடன் தங்கியிருந்தான். அவ்வூர்ச் சிவன் கோயில் அவன் காலத்தில் கற்றளியாயிற்று. ஊரும் இராசாதித்தபுரம் எனப் பெயர் பெற்றது. அவன் படையில் மலைநாட்டு வீரர் பலர் இருந்தனர் என்பதை அக்கோயிலுக்கு அவர்கள் அளித்த விளக்குக் கொடைகள் காட்டுகின்றன. பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து பாளையத்தில் காத்திருந்த வீரர், நாள்தோறும் எரியும் விளக்கொன்றைத் தம் பெயரால் ஏற்றிவைத்தனர். அவர்களது மனநிலையை நாம் அறிய எஞ்சியிருப்பது அவ்வளவே. அப்படையின் தலைவர்களுள் ஒருவனும் மலைநாட்டைச் சேர்ந்தவனுமான வெள்ளங்குமரன், பெண்ணையாற்றங்கரையிலுள்ள கிராமம் என்னும் ஊரில் பொ.ஆ. 943இல் கற்றளி எடுப்பித்தான்.

எதிர்பார்த்த போர் 949இல் தக்கோலத்தில் நிகழ்ந்தது. மூன்றாம் கிருட்டிணனின் படை வென்றது. இராசாதித்தன் யானைமேல் இருந்தவாறே உயிர் துறந்தான். இந்த ஒரு போர் மூவகை நினைவுகளை விட்டுச் சென்றுள்ளது. மூன்றையும் ஒப்பிடுதல் பயனுடையது.

முதலாவது, வென்றோர் தரப்பு. இன்றைய கருநாடக மாநிலம் மண்டியா மாவட்டத்திலுள்ள ஆதகூர்க் கல்வெட்டு, கங்க மன்னன் பூதுகன் இராசாதித்தனைக் கொன்றதையும், அதற்காகக் கிருட்டிணன் அவனுக்கு நாடுகளை அளித்ததையும் கூறுகிறது. பூதுகனின் வீரன் மணலேரன், தன் வீரத்திற்குப் பரிசாக வேட்டைநாய் ஒன்றைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்நாய் காட்டுப்பன்றியோடு பொருது இறந்தது. அக்கல் அந்நாயின் நினைவையும் தாங்கி நிற்கிறது. இது பரிசின் நினைவு.

இரண்டாவது, தோற்றோர் தரப்பின் அரசமரபு. பெரிய லெய்டன் செப்பேடு, இராசாதித்தன் பகைவர் அம்புகளால் யானைமேல் மாய்ந்து வீரர் உலகம் எய்தினான் எனப் பாடுகிறது. சோழர் கல்வெட்டுகள் அவனை ஆனைமேல் துஞ்சினவனாகவே நினைவுகூர்கின்றன. தோல்வி இங்குப் புகழாக மாற்றப்பட்டுள்ளது. இது குலத்தின் நினைவு.

மூன்றாவது, உயிர் பிழைத்தவனின் தரப்பு. மூன்றாம் கிருட்டிணனின் இருபதாம் ஆட்சியாண்டில் திருவொற்றியூரில் பொறிக்கப்பட்ட வடமொழிக் கல்வெட்டு, சதுரானன பண்டிதர் என்னும் துறவியின் முன்வாழ்வை உரைக்கிறது. கேரள நாட்டில் பிறந்த அவர், இராசாதித்தனுக்கு நெருங்கிய நண்பராகவும் படைத்தலைவராகவும் இருந்தவர். தலைவன் களத்தில் மாண்டபோது உடன் மாளாமையைத் தம் குலத்திற்கும் தலைவனுக்கும் தமக்கும் தகாத செயலாகக் கருதினார். அத்துயரால் உலக வாழ்வை வெறுத்துக் கங்கையில் நீராடி, திருவொற்றியூரை அடைந்து, நிரஞ்சன குருவிடம் துறவு பூண்டார். கிராமத்தில் கற்றளி எடுப்பித்த வெள்ளங்குமரனும் இவரும் ஒருவரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

இக்கல்வெட்டின் மதிப்பு இன்னும் போதிய அளவு உணரப்படவில்லை. நடுகல் மரபு இறந்தவனைப் பேசியது. இக்கல்வெட்டோ இறவாதவனைப் பேசுகிறது. தோழர் இறக்கத் தான் மட்டும் எஞ்சியதைக் குற்றமாகக் கருதும் மனநிலை, இக்காலப் போர்வீரர் பற்றிய உளவியல் ஆய்வுகளில் பெரிதும் பேசப்படுவது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு படைத்தலைவரின் வாழ்க்கைக் குறிப்பாக அது கல்லில் ஏறியுள்ளது. புகழ்மரபு விதித்த நெறி ஒரு தனிமனிதனின் மேல் எத்துணைச் சுமையாக இறங்கியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நடுநாட்டு வரலாற்றில் அரிது. ஆனைமேல் துஞ்சினவனைப் போற்றிய அதே நெறிதான், துஞ்சாதவனைத் துறவியாக்கியது.

சிப்பாய்களின் காலம்

பதினெட்டாம் நூற்றாண்டில் நடுநாடு மீண்டும் போர்க்களமாயிற்று. தியாகதுர்கக் கோட்டைக்காகப் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பொருதனர். 1790இல் திப்பு சுல்தானின் முற்றுகையை அக்கோட்டை தாங்கி நின்றது. அதனைக் காத்த படைத்தலைவர் பிளின்ட்டின் பெயர் ஆங்கிலேயரின் போர் வரலாறுகளில் நிலைபெற்றது. அவர் கீழ் நின்ற சிப்பாய்கள் அவ்வரலாறுகளில் எண்ணிக்கையாகவே வருகின்றனர்.

அச்சிப்பாய்களின் குரல் வெளிப்பட்ட இடம் வேலூர். 1806 சூலை 10ஆம் நாள் நிகழ்ந்த கிளர்ச்சிக்குப் பின் நடந்த விசாரணைகளில், புதிய தலைப்பாகை, நெற்றிக்குறி, காதணி, தாடி ஆகியவை பற்றிய ஆணைகள் எவ்வாறு தம்மைப் புண்படுத்தின என்பதை வீரர்கள் எடுத்துரைத்தனர். உயிருக்கு அஞ்சிய நிலையில், அதிகாரிகளின் வினாக்களுக்கு விடையாகக் கூறப்பட்டு, மொழிபெயர்ப்பின் வழிப் பதிவானவை அவை. ஆகவே அவற்றை எச்சரிக்கையுடனே பயன்படுத்த வேண்டும். எனினும், புலவரோ அரசரோ அன்றி வீரரே தம் பணியின் இயல்பைப் பற்றிப் பேசிய பதிவுகள் என்ற வகையில் அவை தனித்து நிற்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போற்றுதல் ஓர் ஆட்சிக் கொள்கையாக வடிவெடுத்தது. ‘போர்க்குலங்கள்’ என்னும் கோட்பாட்டின்படி வடமேற்கு இந்தியச் சமூகங்கள் சில வீரத்திற்கு உரியன எனப்பட்டன. தென்னிந்தியர் தகுதியற்றோர் எனப்பட்டனர். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த இராபர்ட்சு இக்கருத்தை வலியுறுத்தியவர். படைப்பிரிவுகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. இதனால் பெரிதும் இழப்புக்குள்ளானோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். நிலமற்ற அவர்களுக்குப் படைப்பணி நிலையான ஊதியம், ஓய்வூதியம், பிள்ளைகளுக்குக் கல்வி, ஊரார் முன் நிமிர்ந்து நிற்கும் உரிமை ஆகியவற்றை அளித்திருந்தது. அவ்வாயில் குறுகியமை ஒரு தலைமுறையின் முன்னேற்றத்தைத் தடுத்தது. யாரைப் போற்றுவது என்னும் முடிவு, யார் உண்பது என்னும் முடிவாகவும் இருந்தது.

எனினும் முதல் உலகப் போர் மூண்டபோது சென்னை மாகாணம் போரிடுவோரும் பிற பணியாளருமாகத் தொண்ணூறாயிரத்திற்கும் மேற்பட்டோரை அனுப்பியது. தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில், இவ்வூரிலிருந்து இத்தனைபேர் 1914–1919 பெரும்போருக்குச் சென்றனர், இத்தனைபேர் உயிர்நீத்தனர் என எண்ணிக்கை மட்டும் பொறித்த பலகைகளை இன்றும் காணலாம். செங்கம் நடுகல் பெயரைத் தந்தது. இருபதாம் நூற்றாண்டுப் பலகை அதனையும் தரவில்லை. பிரான்சிலிருந்து இந்திய வீரர்கள் எழுதிய மடல்களைத் தணிக்கைத் துறை மொழிபெயர்த்து வைத்தமையால் பஞ்சாப் முதலிய வட இந்தியப் பகுதி வீரர்களின் உள்ளத்தை ஓரளவு அறிய முடிகிறது. மெசபடோமியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மிகுதியாகப் பணியாற்றிய தமிழ் வீரர்களைப் பொறுத்தவரை அத்தகு பெருந்தொகுப்பு நமக்குக் கிட்டவில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னைப் படைப்பிரிவு மீண்டும் உருவாக்கப்பட்டது. 1944 பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலியில், கண்ணிவெடியின் மேல் தன்னுடலைக் கிடத்தித் தோழரைக் காத்து மாண்ட காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியனுக்கு ஜார்ஜ் சிலுவை அளிக்கப்பட்டது. அவர் போற்றப்படுவது முற்றிலும் தகும். அவரால் உயிர் பிழைத்த தோழர் அந்நாளை எவ்வாறு சுமந்தனர் என்பதே சதுரானனர் நம் முன் வைக்கும் வினா.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, நடுநாட்டில் படைப்பணியைப் போற்றும் மரபு சங்க காலம் தொட்டுத் தொடர்ந்துள்ளது. அதன் வடிவம் மட்டும் பாடல், கல், செப்பேடு, பலகை என மாறியுள்ளது. இரண்டாவதாக, போற்றுதலின் நிபந்தனை பெரும்பாலும் இறப்பாகவோ வெற்றியாகவோ அமைந்தமையால், உயிருடன் திரும்பியோரின் பட்டறிவு பதிவு பெறவில்லை. மூன்றாவதாக, அப்பட்டறிவு வெளிப்பட்ட அரிய இடங்கள் துறவு, விசாரணை போன்ற நெருக்கடிகளே ஆகும்.

இன்று களமருதூர் முதலிய சிற்றூர்ப் பகுதிகளில் ‘பட்டாளத்துக்காரர்’ எனப்படும் முதியோரின் நினைவுகள் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் பேச்சாகவே உலவி மறைகின்றன. 1971ஆம் ஆண்டுப் போரில் இருபது வயதில் பங்கேற்றவர் இன்று எழுபது வயதைக் கடந்துவிட்டார். 1962, 1965ஆம் ஆண்டுப் போர்களைக் கண்டவர்கள் அவரினும் மூத்தோர். கல்லூரிகளின் தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் இணைந்து இவர்தம் வாய்மொழிகளைப் பதிவு செய்தல் வேண்டும். பதக்கங்களைப் பற்றி மட்டும் வினவாது, முதல்நாள் பயிற்சி, புரியாத மொழி, பனி, உணவு, வீட்டிற்கு அனுப்பிய பணவிடை, எழுதிய மடல், இழந்த தோழர், திரும்பியபின் ஊர் நடத்திய முறை ஆகியவற்றையும் வினவுதல் வேண்டும். காத்திருந்த மனைவியரும் தாயரும் இவ்வரலாற்றின் சான்றாளரே.

மலையனுக்காக வென்றவனும் தோற்றவனும் பேசினர். திருவொற்றியூரில் எஞ்சியவரின் நெஞ்சம் கல்லில் ஏறியது. இனிவரும் ஆய்வு, திரும்பி வந்தோர் தாமே பேசக் கேட்பதாக அமைதல் வேண்டும்.